ஒரு மாசம் டயர் கழுவட்டும்

"என் பொண்ணுக்குப் பதினாறு வயசுல ரேஸ் கார் ஓட்டணுமாம்! அவளா வெறுத்து ஓடி வரணும் சார். ஒரு மாசம் டயர் மட்டும் கழுவ விடுங்க," என்று பயிற்சியாளரின் காதைக் கடித்தார் அப்பா.

அவரும் மறுபேச்சின்றித் தலையாட்டினார்.

தினமும் விடிந்தும் விடியாததுமாக மகளை எழுப்பி, நிமிடம் பிசகாமல் பந்தயத் தளத்தில் இறக்கிவிட்டது அப்பாதான். கரி பூசிய முகத்தோடு அவள் திரும்பும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரக் குஷி.

"முடியலன்னா விட்டுடும்மா."

"சும்மா இருங்கப்பா!"

முப்பதாம் நாள் பயிற்சியாளர் ஃபோன் செய்தார். "நாளையிலிருந்து உங்க பொண்ணு கார் ஓட்டலாம் சார்."

"ஐயையோ, நான் சொன்னதென்ன சார்?"

"இங்க எல்லாருக்குமே முதல் மாசம் டயர்தான். ஒரு நாள் லேட்டா வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவோம். இந்த வருஷம் தாக்குப்பிடிச்சது உங்க பொண்ணு மட்டும்தான். எல்லாம் நீங்க கொண்டுவந்து விட்ட புண்ணியம் சார்!"