மடித்த கடதாசி

கண்டி ஹோட்டலின் மஞ்சள் வெளிச்சத்தில் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விருந்து நடக்கிறது. சிறப்புப் பேச்சாளர் குலவீரசிங்கம் விடுதிக் காலத்துப் பகிடிகளைச் சொல்லச் சொல்ல மண்டபம் சிரிப்பில் குலுங்குகிறது. காலையில் பிலிமத்தலாவைச் சோதனைச்சாவடியில் அவருடைய மகனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது, அவரையும் மனைவியையும் தவிர, சங்கச் செயலாளர் கிறகரிக்கு மட்டுமே தெரியும். "நீங்க பேசிக்கிட்டு இருங்க சேர், நான் பொலிசுக்குக் கோல் எடுத்துப் பாக்கிறேன்" என்று வெளியே போனவர் இன்னும் வரவில்லை. முன்மேசையில் மனைவி தவமணி கோழித்துண்டைக் கத்தியால் வெட்டிக்கொண்டே இருக்கிறார். ஒரு வாய்கூட உண்ணவில்லை. கதவு திறக்கிறது. கிறகரி யார் முகத்தையும் பாராமல் வந்து, மடித்த கடதாசி ஒன்றை ஒலிவாங்கியின் அருகே வைத்துவிட்டுப் போகிறார். பாதிக் கதையில் குலவீரசிங்கம் நிற்கிறார். அதுவும் பகிடியென்று எண்ணிச் சிலர் முன்கூட்டியே சிரிக்கிறார்கள். அவர் விரல்களுக்குக் கடதாசியைப் பிரிக்க வெகுநேரம் எடுக்கிறது. வருடாவருடம் எல்லாப் பேச்சாளருக்கும் செயலாளர் வைக்கும் அதே நேரக்குறிப்புத்தான். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. தவமணி கதிரையிலிருந்து பாதி எழும்புகிறார்.

"என்னவாம்?"

"இன்னும் ரெண்டு நிமிசமாம்."

ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோகிறது. எல்லோரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள்.