கத்துவது நோய்தான்

கருப்பட்டி வாசம் மூக்கில் ஏறியதும் வெள்ளத்துரைக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நலக்குடிலில் காப்பித்தண்ணி கூடாதென்று வாசலிலேயே எழுதிப் போட்டும், எவரோ களவாகக் கருப்பட்டிக் காப்பி காய்ச்சுகிறார்கள். எழுந்துபோய்க் கையும் களவுமாகப் பிடிக்கலாமென்றால் வழியில்லை. அவர் கழுத்துவரை மண்ணுக்குள் இருந்தார்.

"யாருன்னு பாத்து அந்தாளுக்கு ராத்திரிக் கஞ்சிய நிப்பாட்டு" என்று அருஞ்சுனைக்கு உத்தரவு போட்டார்.

அருஞ்சுனை தலையை மட்டும் ஆட்டினான். பிசைந்த மண்ணை எடுத்து அவருடைய கழுத்திலும் கன்னத்திலும் உச்சந்தலையிலும், பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலப் பதமாக அப்பினான். அவன் வாய் திறந்து நாற்பத்தேழு நாளாகிறது. நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை என்று வந்தவனுக்கு வெள்ளத்துரைதான் ஒரு மண்டலம் மௌனம் விதித்து, கையில் சிலேட்டையும் பலப்பத்தையும் கொடுத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி.

இப்படிச் சொன்னபடி கேட்கிற நோயாளியை அவர் பார்த்ததேயில்லை. குழி வெட்டுவது, வேப்பிலை அரைப்பது, மோர் ஊற்றி மண் பிசைவது எல்லாம் இப்போது அவன் பொறுப்பு.

பாளையம்பட்டியைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்த நலக்குடில். மனச்சோர்வு, பயம், தீராத மூட்டுவலி, சர்க்கரை, எதுவானாலும் அங்கே முதல் வைத்தியம் ஒன்றுதான். வந்த அன்றே நோயாளியின் மாத்திரைகளை வாங்கிக் கிணற்றில் போட்டுவிடுவார் வெள்ளத்துரை. அந்தக் கிணற்று மீன்களுக்கு இன்றுவரை ரத்தக்கொதிப்பு வந்ததில்லை என்று ஊரில் பேச்சு. மறுநாள் காலையில் நோயாளியைக் கழுத்துவரை கரிசலில் புதைப்பார்.

இந்த முறை வந்த பதினெட்டுப் பேரும் குழியைக் கண்டதும் பின்வாங்கிவிட்டார்கள். அப்போதுதான் அருஞ்சுனை சிலேட்டை நீட்டினான். 'ஐயா முதலில் இறங்கினால் எல்லாருக்கும் பயம் தெளியும்.'

வெள்ளத்துரை தன் வாழ்நாளில் குழியில் இறங்கியதில்லை. பதினெட்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் அதைச் சொல்ல முடியுமா? ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அருஞ்சுனையின் காதில் மட்டும் ஓதிவிட்டு இறங்கினார்.

குழிக்குள் இருந்தபடியே பாடமும் நடத்தினார். மண் இழுக்கும்போது நோய் சும்மா போகாது, எடுத்துவிடு, செத்தேன் என்று நோயாளியின் வாயாலேயே கெஞ்சும். இரக்கப்பட்டு ஒருவரும் கிட்டே போகக்கூடாது.

"குழிக்குள்ள கத்துறது ஆளு இல்ல, நோயி. இத மனசுல வச்சுக்கோங்க."

அதற்கு உதாரணமும் வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு திருச்சுழிப் பக்கமிருந்து ஒருவன் தன் பெண்டாட்டியைக் கூட்டி வந்தான். பிள்ளை பெற்றதிலிருந்து சதா அழுகை. மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதி தேறியிருந்தாள். அந்த மாத்திரையையும் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் அவளைக் குழியில் இறக்கினார். பகல் முழுக்கக் கத்தினாள். பொழுது சாய்ந்த பிறகுதான் எடுத்தார்.

"அன்னைக்கு அடங்குனதுதான். அதுக்குப் பொறகு அந்தப் பொம்பள ஒரு சத்தம் போட்டதில்ல. வச்ச எடத்துல பொம்மையாட்டம் இருக்காளாம்."

பதினெட்டுப் பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அருஞ்சுனை மட்டும் குனிந்த தலை நிமிராமல், அவருடைய தோளுக்கு மேலிருந்த மண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினான்.

எட்டு மணி வெயிலுக்கே கரிசல் சிமிட்டி மாதிரி இறுகத் தொடங்கியது. இடது காதுக்குப் பின்னால் என்னமோ ஊர்ந்தது. தட்டிவிடலாமென்றால் இரண்டு கையும் மண்ணுக்குள். உதட்டோரம் வழிந்த சேற்றை நாக்கால் தள்ளினார்.

இனித்தது.

அப்போதுதான் அந்த வரிசை அவர் கண்ணில் பட்டது. சீமைக்கருவேலம் புதரிலிருந்து கிளம்பி, கல்யாண வீட்டுக்கு வருகிற சொந்தபந்தம் மாதிரி, கட்டெறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன. திருச்சுழி வரைக்கும் சேதி போயிருக்கும் போல, அத்தனை நீளம்.

அருஞ்சுனையை எடுத்துவிடச் சொன்னார். அவன் உதட்டில் விரலை வைத்து, தன் மௌனத்தை மரியாதையாக நினைவுபடுத்தினான். முதல் கடி விழுந்ததும் வெள்ளத்துரை போட்ட கூச்சலில் காட்டுக் குருவியெல்லாம் வீரசோழன் ஊர்ப் பக்கம் பறந்துவிட்டது.

பதினெட்டுப் பேரும் எட்ட நின்று கும்பிட்டார்கள். நோய் எப்படிக் கத்தும் என்பதை இவ்வளவு தத்ரூபமாக எந்த வைத்தியர் காட்டுவார்? மூட்டுவலிக்காக வந்திருந்த குருவம்மாள் கண்கலங்கிப் போனாள்.

"தாயே, சத்தியமா நாந்தான் கத்துறேன். நோயி இல்ல" என்று அவளைப் பார்த்துக் கதறினார்.

குருவம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்து, பக்கத்தில் நின்றவளின் முழங்கையை இடித்தாள்.

"பாத்தியாடி, எப்பிடிப் பொய் சொல்லுதுன்னு."

கடைசியில் அருஞ்சுனை ஒருவன்தான் கிட்டே வந்தான். கையில் மண்வெட்டி இருந்தது. வெள்ளத்துரைக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அவன் மண்வெட்டியைப் புதர்ப் பக்கம் விட்டெறிந்துவிட்டு, அவருக்கெதிரே சாவகாசமாகக் குத்தவைத்தான். அவருடைய காதுக்கு நேராகக் குனிந்து, நாற்பத்தேழு நாள் கழித்து வாயைத் திறந்தான்.

"பொழுது சாயட்டும்யா. எந்தங்கச்சிய அப்பத்தான எடுத்தீக."