கடைசி ஏட்டில் இருந்தது

இருபத்து மூன்றாவது கைக்குட்டையையும் அவிழ்த்த பிறகுதான் புத்தகம் வெளியே வந்தது.

ஒவ்வொன்றும் யாரோ ஒரு தாய் நேர்ந்துகொண்டு சுற்றியது. அருஸ்யாக் அவற்றைக் கலையாமல் மடித்துத் தன் மடியில் அடுக்கிக்கொண்டாள். அவள் வீட்டுச் சுவர்மாடத்தில் இருந்த அந்தச் சுவிசேஷத்தை மலையூரில் யாரும் புத்தகம் என்று சொல்வதில்லை. வீட்டுப் புனிதர் என்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளை முதலில் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். டாக்டரெல்லாம் அப்புறம்தான்.

தலைநகர் யெரெவானிலிருந்து வந்திருந்த வர்த்கேஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். வீடு வீடாகப் போய்ப் பழைய கையெழுத்துச் சுவடிகளைப் பார்த்துப் பதிவு செய்வது அவர் வேலை. ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம்.

தோல் ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெரிய பெரிய நிமிர்ந்த எழுத்துகள். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசிக்கு வந்ததும் வாடிவிட்டது.

கடைசி ஏடு இல்லை. கத்தியால் அறுத்த விளிம்பு மட்டும் இருந்தது.

“எழுதினவன் தன் பேரையும் வருஷத்தையும் கடைசி ஏட்டுலதாம்மா எழுதி வைப்பான். எழுத்தைப் பார்த்தா ஆயிரம் வருஷம் இருக்கும்னு தோணுது. தோணுறதை எல்லாம் பதிவுல எழுத முடியாதே. அந்த ஏடு எங்க?”

அருஸ்யாக்கின் முகம் சிவந்தது. மாமியார் கைமாற்றிக் கொடுத்த பொறுப்பு. ஏடு போனது தன் காலத்தில் இல்லை என்றாலும் அவளுக்குத்தான் அவமானமாக இருந்தது.

“போருக்குப் போச்சுங்க ஐயா,” என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், உலகப் போர் நடந்தபோது, அந்த வீட்டு மகன் ஒருவன் போருக்குப் புறப்பட்டான். அவன் தாய் ஏட்டை அறுத்து, கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துத் தைத்து அனுப்பினாள். மகனும் திரும்பவில்லை, கோட்டும் திரும்பவில்லை. அந்தத் தாயை ஊரில் யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

வர்த்கேஸும் சொல்லவில்லை. காலம் என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதினார். பேனாவை மூடும்போது ஒரு பெருமூச்சு விட்டார். அருஸ்யாக்குக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெயரில்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நாஸிக் வந்தாள், கம்பளியில் சுருட்டிய மகளோடு.

“அக்கா, உடம்பு அடுப்பாக் கொதிக்குது. டாக்டருக்குச் சொல்லியாச்சு, வந்துட்டு இருக்கார். அதுக்குள்ள ஓதி விடுங்க.”

அருஸ்யாக் தயங்கினாள். படித்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், சிரித்துவிட்டால்? குழந்தை முனகியது. அதற்குமேல் வெட்கம் பார்க்க முடியவில்லை.

“உன் நோவு எனக்கு வரட்டும்டி, தங்கம்,” என்று நெற்றியைத் தடவிவிட்டு, அந்த வீட்டு மருமகள்களுக்கு வழிவழியாக வந்த செபத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள். கோயிலில் மட்டும் கேட்கும் பழைய மொழி. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அவளுக்கே புரியும். முடியும் இடத்தில் மூன்று எழுத்துகள் வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் குழந்தையின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு முறை ஊத வேண்டும்.

“நு.” ஊதினாள். “த்ஸா.” ஊதினாள். “யெச்.”

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. வர்த்கேஸ் எழுந்து நின்றிருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. மெதுவா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அந்த மூன்று எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டார். அந்தக் காலத்தில் அங்கே எண்ணுக்குத் தனிக் குறி கிடையாது, எழுத்தேதான் எண். நானூறு, எண்பது, ஐந்து: கூட்டினால் நானூற்று எண்பத்தைந்து. அவர்களுடைய பழைய ஆண்டுக் கணக்கு அது, இன்றையதைவிட ஐந்நூற்று ஐம்பத்தோரு வருடம் பின்தங்கியது. இன்றைய கணக்கில் ஆயிரத்து முப்பத்தாறு.

“இது செபம் இல்லம்மா.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “மை உறையுது, விரல் மரத்துப் போச்சு, மடத்துத் தலைவர் விறகு தர மாட்டேங்கிறார். பாவி திரதூர் நான் எப்படியோ எழுதி முடிச்சுட்டேன், படிக்கிறவங்க என் பேரை ஒரு தடவை சொல்லுங்கன்னு கேட்கிறான். கூடவே வருஷம். உங்க கடைசி ஏடும்மா இது!”

அறுப்பதற்கு முன் அந்தத் தாய் அதை மனப்பாடம் செய்து, வீட்டு மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

“திரதூர்னா காய்ச்சல் தீர்க்கிற புனிதர்னுல்ல நினைச்சோம்,” என்று நாஸிக் வாயைப் பிளந்தாள்.

அருஸ்யாக்குக்கு ஒரு கணம் திக்கென்றது. விறகு கேட்டு ஒருவன் புலம்பியதையா இத்தனை நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதினாள்? அடுத்த கணமே சிரிப்பு வந்துவிட்டது. வர்த்கேஸ் ‘தெரியாது’ என்பதை அடித்துவிட்டு வருடத்தை எழுதுவதைப் பார்த்தாள். மனம் நிறைந்துபோயிற்று.

நாஸிக்குக்குத்தான் இன்னும் தீரவில்லை.

“அது சரிங்கய்யா, விறகு கேட்டு எழுதின அந்தப் பிள்ளைக்குக் கடைசியில குளிர் விட்டுச்சா?”

நாற்பது வருட வேலையில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

அருஸ்யாக் குழந்தையின் விரல்களை இன்னும் விடவில்லை.

“விட்டிருக்கும்டி,” என்றாள். “எண்பது வருஷமா ஊதுறோமே.”