தப்பான பென்சில்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அத்தை சொல்லித்தான் தெரியும். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

தெருமுனை ஸ்டேஷனரி கடை. சாயங்காலக் கூட்டம். அத்தைக்கு முன்னால் ஓர் அம்மாவும், ஐந்து வயதிருக்கும் அவள் மகளும். கல்லாவுக்குப் பக்கத்தில் கலர் பென்சில் டப்பா இருந்தது. குழந்தை அதிலிருந்த நீலப் பென்சிலை விரலால் காட்டியது.

கடைக்காரர் சிவப்புப் பென்சிலை எடுத்து வைத்தார்.

குழந்தை தலையாட்டி மறுத்துவிட்டு, மறுபடி நீலத்தைக் காட்டியது. அவர் ஒரு ரப்பரை எடுத்து வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"பெத்தவளாவது கேக்கணுமா இல்லையா? கல்லு மாதிரி நிக்கிறா" என்றார் அத்தை. "எனக்குப் பொறுக்கல. 'ஏங்க, கண்ணு தெரியலையா? பச்சப் புள்ளகிட்ட என்ன விளையாட்டு?'ன்னு கேட்டுட்டேன். மனுஷன் பதிலே பேசல."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அந்தப் புள்ளைக்கு முகமெல்லாம் செவந்து, வாயைத் திறந்துட்டு நிக்குது. இதோ அழப் போகுதுன்னு தெரிஞ்சு போச்சு. நானே டப்பாக்குள்ள கைய விட்டு, நீலத்தை எடுத்து அது கையில குடுத்தேன். 'இந்தா கண்ணு, இதுதானே'ன்னேன். அப்பத்தான் வாயை மூடுச்சு."

அத்தை அதோடு விடவில்லை. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். இனி அந்தக் கடைப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கும் உத்தரவு.

ஆனால் மறுநாள் என் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் வாங்காத பட்டம். கண்ட இடத்தில் கொடுக்கப் பயம். அந்தக் கடைக்காரர் கைபட்டால் கசங்காது. போனேன். கடையில் அவரைத் தவிர வேறு ஆளே இல்லை.

"பிரவுன் கவர் ஒண்ணு, பெருசா" என்று படியில் நின்றே மெதுவாகச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரியான கவரை எடுத்து வைத்தார்.

அதுதான் உறுத்தியது. கண்ணும் சரியாக இருக்கிறது, காதும் சரியாக இருக்கிறது.

"அண்ணே, நேத்து அந்தக் குழந்தைகிட்ட..." என்று இழுத்தேன்.

சான்றிதழ்களை வாங்கி ஜெராக்ஸ் மெஷினில் வைத்து மூடியைச் சாத்தினார். "அத்தை சொன்னாங்களா?"

"ம்."

"அதுக்குப் பேச்சு வர்றதே தாமதம்மா. பேச்சுப் பயிற்சி டீச்சர்கிட்ட போகுது. அந்த ரூமுக்குள்ள ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துப் பேசுதாம். வெளியில வந்தா விரல்தான். பள்ளிக்கூடத்துல தாகம் எடுத்தாக்கூடத் தண்ணி கேக்காதாம். விரலை நீட்டினா எல்லாரும்தான் எடுத்துக் குடுத்துடறோமே, அது எதுக்குப் பேசணும்? அதான் அந்த டீச்சர் அவங்கம்மாகிட்ட சொல்லி விட்டிருக்காங்க. கடைக்காரர் தப்பான சாமானை எடுத்து வைக்கட்டும், அப்புறம் எல்லாரும் பேசாம இருங்க, அதுவா சொல்லட்டும்னு."

"இதை நேத்தே சொல்லியிருந்தா யாரும் உங்களைத் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்களே?"

"குழந்தைய எதிர்ல வெச்சுக்கிட்டு, இதுக்குப் பேச்சு வராதுன்னு ஊருக்குச் சொல்லவா?"

ஆனாலும் கேட்டேன்: "அதுக்காக அழ வைக்கலாமாண்ணே?"

அவர் நகல்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கவருக்குள் வைத்தார். "அதை அவங்கம்மாகிட்ட கேளும்மா."

ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதுவது சரியில்லை என்று, வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அந்த அம்மா வாசலுக்கு வந்தார். கதவை லேசாகச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில்தான் பேசினார். அத்தை மேல் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"டீச்சர் ரூம்லயும் அப்படித்தாங்க. முதல்ல முகம் செவக்கும். வாயைத் திறந்துட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா. அதுக்கப்புறம்தான் வார்த்தை வரும்" என்றார்.

"அப்போ நேத்து?"

"நேத்து அவ அழ வரலைங்க. பேச வந்தா."