பற்றாத அடுப்பு

அடுப்பின் விசிறி சுழல்கிறது. அப்படியானால் மின்சாரம் வருகிறது.

அவன் செருகியைப் பிடுங்கிவிட்டுத் தரையில் முழந்தாளிட்டான். அடுப்பின் பின்தகட்டைக் கழற்றத் தொடங்கினான்.

சன்னலுக்கு வெளியே நோர்வேயின் காலை இன்னும் விடியவில்லை. மேசையில் சாய்த்து வைத்த கைபேசியில் யாழ்ப்பாணத்து நடுப்பகல்.

அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோகிறார்கள்.

மூத்த மகன் அவன். கொள்ளி அவனுடையது. ஆனால் வதிவிட அனுமதி கைக்கு வரவில்லை. வெளியேறினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். தம்பி வைப்பான் என்று முடிவாயிற்று.

அப்பா இறந்த மாலையிலிருந்து அடுப்பும் பற்றவில்லை.

"அங்க மாமாவைக் கொண்டு போகினம். நீங்கள் இஞ்ச ஆணி கழட்டிக்கொண்டிருக்கிறியள்," என்றாள் மனைவி சுகிர்தா.

எளிய அடுப்புத்தான். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள் மேலே பெட்டியில் கிடக்கும். ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கிண்ணத்தில் தள்ளும். கிண்ணத்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சூட்டுக்கோல். அது சிவக்கும். விசிறி இழுக்கிற காற்று கோலைத் தடவிச் சூடேறி, உருளைகளுக்குள் புகுந்து தீயாகும்.

தீப்பெட்டி வேண்டாம். கை வேண்டாம்.

முன்பொருமுறை வீடியோ அழைப்பில் மாத்திரை போன்ற இந்த உருளைகளைப் பார்த்து அப்பா சிரித்தார். "மரத்தைக் குளிசையாக்கிக் குடுக்கிறியோ? உந்த அடுப்புக்கு என்னடா வருத்தம், காய்ச்சலோ?"

சாம்பலை வழித்தெடுத்தான். கோலின் இரு முனைகளிலும் மின்சோதனை மீட்டரை வைத்தான்.

எண் காட்டியது. கோலில் உயிர் இருந்தது.

பிறகு ஏன்?

வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். சூடு பட்டுப் பட்டுக் கருத்த இணைப்பு ஒன்று தொட்டதும் கையோடு வந்தது. பார்வைக்குப் பூட்டியிருந்தது. உள்ளே தொடாமல் இருந்திருக்கிறது.

கருத்த நுனியை வெட்டினான். புது முனை வைத்து நெரித்தான். பூட்டினான். தகட்டை மூடிச் செருகியைப் போட்டான்.

பொத்தானை அழுத்தவில்லை.

"சரிவந்திட்டுதெண்டால் போடுங்கோவன். குளிருது."

அவன் கைபேசியைப் பார்த்தான். பெண்கள் போகாத சுடலையைச் சுகிர்தாவும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி குடத்தோடு சுற்றி வந்தான். மூன்றாம் சுற்று. குடம் உடைந்தது.

யாரோ தம்பியின் தோளைப் பிடித்து, சிதைக்கு முதுகு காட்டி நிறுத்தினார்கள். கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள்.

அவன் எழுந்தான்.

அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றான். கையைப் பின்னால் நீட்டித் தடவி, பொத்தானை அழுத்தினான்.

சுகிர்தா அவனையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விசிறி மூச்சிழுத்தது. உருளைகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன, வாய்க்கரிசி போல.

கோல் சிவக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அது அவனுக்குத் தெரியும். எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றான்.

முதுகில் இன்னும் குளிர்.

பிறகு, பின்னால், மெல்ல ஓர் இருமல்.

காற்று சேரும்போது அடுப்பு அப்படித்தான் இருமும். அதுவும் அவனுக்குத் தெரியும். அப்பாவின் இருமலும் தெரியும்.

திரும்பவில்லை. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது.

"பத்திட்டுது," என்றாள் சுகிர்தா.

எது என்று அவன் கேட்கவில்லை. வாசற்கதவைத் திறந்து, நேரே பனிக்குள் இறங்கி நடந்தான்.