மூணு நூல், சத்தமா!

“இன்னையிலேருந்து இந்தக் கடையில யாரும் ஒத்தையா போல்ட் அளக்கக் கூடாது” என்றாள் சீனித்தாய், ஷட்டரைத் தூக்கிய கையோடு.

தூத்துக்குடியில், லாஞ்சுகள் என்கிற விசைப்படகுகள் நிற்கிற துறைக்குப் போகிற வழியில் இருக்கிறது அவளுடைய போல்ட் நட்டுக் கடை. வேலைக்கு இரண்டு பேர். நரை விழுந்த ஜெரால்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பேச்சிராஜா.

“ஒருத்தர் கேஜ்ல விட்டுப் பாத்து அளவைச் சத்தமா சொல்லணும். அடுத்தவர் வாங்கித் திரும்ப அளந்து, அவரும் சத்தமா சொல்லணும். அப்புறந்தான் பொட்டலம். நான் அளந்தாலும் இதே சட்டந்தான்.”

கேஜ் என்பது கைக்குள் அடங்கும் இரும்புத் தகடு. வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடியாக ஓர் எண். சிலது எம்.எம். கணக்கு, சிலது நூல் கணக்கு; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். எந்த ஓட்டையில் போல்ட் கச்சிதமாக நுழைகிறதோ, அதுதான் அளவு.

“ஒரு போல்ட்டுக்கு ரெண்டு ஆளு. வெளங்கும்!” என்று முணுமுணுத்தான் பேச்சிராஜா.

ஜெரால்டாவது சண்டைக்குப் போவார் என்று எதிர்பார்த்தான். அவர் அளந்ததை யாராவது சந்தேகப்பட்டால் போதும், மனுஷனுக்கு மூக்குச் சிவந்துவிடும். அவரோ சிரித்தார்.

“அக்கா சொல்லிட்டாவல்லா? செஞ்சிருவோம்லே.”

முதல் வியாபாரத்திலேயே அவர் கத்திய கத்தலில் எதிர்க்கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“பத்து எம்.எம்.!”

பேச்சிராஜா வாங்கி அளந்தான். “அண்ணாச்சி, இது மூணு நூலு.”

“அப்படியா? மூணு நூல்!” அதையும் அதே சந்தோஷத்தோடு கத்தினார்.

லாஞ்சு மெக்கானிக் அற்புதமணி காதைப் பொத்திக்கொண்டார். “இது கடையா, மீன் ஏலம் போடுத எடமாக்கா?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிராஜாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் அவனுக்குத் தெரியும். போன வாரம் ஒரு லாஞ்சுக்காரர் வந்து கடையையே புரட்டிப்போட்டுவிட்டார். பத்து எம்.எம். போல்ட் கேட்டவருக்கு மூணு நூல் போயிருக்கிறது. இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். மாட்டும்போது ஏறியது, கடலில் கழன்றுவிட்டது. இன்ஜின் நின்று, இன்னொரு லாஞ்சு போய்க் கட்டி இழுத்து வந்ததாம். சீனித்தாய் கையெடுத்துக் கும்பிட்டு, வேறு போல்ட் கொடுத்து அனுப்பினாள். யார் கட்டிய பொட்டலம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சின்னப் பையன், இவன்தான் செய்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டாள். அதற்குத்தான் இந்தச் சட்டம்.

மத்தியானம் ஜெரால்டு சாப்பிடப் போனதும், சீனித்தாய் முன்னால் போய் நின்றான்.

“அக்கா, நான் நாளையிலேருந்து வரல.”

“ஏம்லே?”

“எம்மேல நம்பிக்கை இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம். இப்படி ஊரு சிரிக்க வைக்கணுமா? அந்த போல்ட்டை நான் கட்டல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“ஜெரால்டு அண்ணாச்சி கட்டுனது. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

அவள் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்குக் கண்ணு மங்கிட்டு வருதுலே. கேஜ்ல இருக்க நம்பரு தெரியல. வெளிச்சத்துக்குக் கொண்டு போயித் திருப்பித் திருப்பிப் பாக்காரு. சக்கர வியாதி கண்ணுல எறங்கிருக்கும்போல. அவர் மக ஜெபசெல்விட்ட பேசிட்டேன். நைசாப் பேசிக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னிருக்கா.”

“இதை அவர்ட்டயே சொல்லிரலாமேக்கா.”

“சொன்னா, ‘நான் கடைக்குப் பாரமாயிட்டேனா’ன்னு கேட்டுட்டு அன்னைக்கே நின்னுருவாரு. எங்க வீட்டுக்காரர் போனப்போ, கடையை மூடிராதீங்கன்னு கூட நின்ன மனுசன். அவருக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டா அவருக்குக் குத்தும். எல்லாருக்கும் போட்டா குத்தாதுல்லா?”

அவன் தலையைச் சொறிந்தான்.

“நீ வராட்டா, அவர் அளந்ததைத் திரும்ப அளக்க எனக்கு யாரு இருக்கா? சொல்லு.”

“வாரேன்க்கா” என்றான்.

சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். ஜெரால்டு “பத்து எம்.எம்.!” என்று கூவ, பேச்சிராஜா அதைவிட ஒரு சுதி ஏற்றி “பத்தேதான்!” என்று பதில் கொடுத்தான். வாங்க வந்தவர்களும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். சீனித்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடையை அடைத்துவிட்டு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஜெரால்டு அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“சாயந்தரம் நல்லாக் கத்துனலே. காலையில நீ வாய்க்குள்ளயே மொணங்கவும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.”

“இனிமே கத்துதேன் அண்ணாச்சி.”

“கத்தணும். எதுக்கு இந்தச் சட்டம்னு யோசிச்சுப் பாத்தியா?”

“தெ... தெரியலயே அண்ணாச்சி.”

ஜெரால்டு கடைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தார்.

“அக்காவுக்குக் காது மந்தமாயிட்டு வருதுலே. பாவம், வெளிய காட்டிக்கிட முடியாம சட்டம்னு சொல்லிச் சமாளிக்காவ. நமக்குத் தெரியும்ங்கிறதைக் காட்டிக்கிடாத, என்னா?”