ஆலாத்திட்டுக்குப் பாலம்

"ஆபீசர் வந்தா அழணும், பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா சிரிக்கணும். மாத்திப்புடாத கதிரு!"

போனில் ஆரோக்கியராஜ் மாமா மறுபடியும் சொன்னார். ஆலாத்திட்டின் வார்டு மெம்பர் அவர்.

"தெரியும் மாமா. அம்மாவும் காலையிலேர்ந்து இதையேதான் சொல்லுது."

பிச்சாவரத்துக்குக் கிழக்கே, படகில் மட்டுமே போகக்கூடிய ஊர் ஆலாத்திட்டு. பாலம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர். இந்த வாரம் பாலத்துக்கு இடம் அளக்க ஆட்கள் வருவார்கள் என்று தகவல். ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து கதிரவனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள். அதற்கு முன்பே யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நோட்டம் விடலாம் என்பது அம்மா தைலம்மாளின் கவலை.

பாலம் இல்லாத ஊர் என்றே அவனுக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்தச் சிதம்பரத்துப் பெண் ஜான்சியும் தட்டிப்போனால் அம்மா தாங்கமாட்டாள். அவன் மட்டும் தாங்குவானா? நகையும் பட்டுமாக நிற்கும் அந்த ஸ்டுடியோ போட்டோவை அவன் எத்தனை முறை எடுத்துப் பார்த்தான் என்பது அவன் போனுக்குத்தான் தெரியும்.

பிச்சாவரம் துறையில், அவன் ஓட்டும் படகின் அருகே ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கிய பெண் வெயிலுக்காகத் துப்பட்டாவால் முகத்தை மூடிக் கட்டியிருந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் அடையாள அட்டை பின்பக்கம் தெரியத் தொங்கியது.

"ஆலாத்திட்டுக்குப் போகணும். ஊரப் பாக்கணும்."

கதிரவன் துண்டை உதறிப் படகுப் பலகையில் விரித்தான்.

"ஒக்காருங்க மேடம். வேன்ல கூட்டமா வருவீங்கன்னு நெனச்சோம்."

அவள் அவனைச் சற்று உற்றுப் பார்த்தாள்.

"மொதல்ல நான் பாக்கறேன். மத்தவங்க அப்புறம் வருவாங்க."

எஞ்சின் சத்தத்தை மீறி அவள் கேள்விகள் வந்தன.

"தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

அழ வேண்டிய நேரம்.

"அத ஏன் கேக்கறீங்க மேடம். வாயில வச்சா கரிக்கும். சோத்துக்குத் தனியா உப்பே போட வேணாம்."

போன வருஷமே தெருவுக்குத் தெரு நல்ல தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டான்.

"கரண்டு?"

"வரும் மேடம். கடன் குடுத்தவனப் பாத்த மாதிரி ஒடனே ஓடிரும்."

"வீட்டுல பாத்ரூம்?"

டைல்ஸ் ஒட்டிய தன் வீட்டுக் குளியலறை ஒரு நொடி கண்ணில் வந்து போனது.

"பாத்ரூமா? காடு இருக்கு மேடம். பாம்பும் இருக்கு."

"பொம்பளைங்க தெனம் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போயிட்டு வர முடியுமா?"

ஊரில் இரண்டு பெண்கள் போய்வருகிறார்கள். காலையில் கொண்டுவிடுவதே அவன்தான்.

"நெனச்சுக்கூடப் பாக்க முடியாதுங்க." பிறகு குரல் தானாக இறங்கியது. "மழை நாள்ல வலி எடுத்தாதான் கஷ்டம் மேடம். எங்க ஜெயராணி அக்கா படகுலயே பெத்துட்டா. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இதே பலகையிலதான்."

அது மட்டும் நடிப்பில்லை. அவள் பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இப்படிப்பட்ட ஊருக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

"அப்படிக் கேளுங்க மேடம்! நானே பொண்ணப் பெத்தவனா இருந்தாலும் இந்த ஊருக்குக் குடுக்க மாட்டேன்."

ஆலாத்திட்டில் இறங்கியதும், "நீங்க இங்கயே இருங்க, நானே சுத்திட்டு வர்றேன்" என்று நடந்துவிட்டாள். கதிரவன் எட்டி எட்டிப் பார்த்தான். முதல் தெருமுனையிலேயே குழாய் நிற்கிறது.

திரும்பி வந்தபோது அவள் கையும் துப்பட்டா நுனியும் ஈரமாக இருந்தன. படகில் ஏறி அதே பலகையில் உட்கார்ந்துகொண்டாள். பொய் பிடிபட்டது, பாலம் போச்சு என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

துறையில் இறங்கி, ஸ்கூட்டி அருகே நின்று அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

கதிரவன் கையிலிருந்த கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது. நகையும் பட்டும் இல்லையே தவிர, போட்டோவில் இருந்த அதே முகம்.

அதற்குள் அவள் போனில் பேசத் தொடங்கியிருந்தாள்.

"அம்மா, ஊரப் பாத்துட்டேன். அவரையும் பாத்துட்டேன், படகு ஓட்டுனதே அவருதான். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் இல்லாததக்கூட ஏத்தி ஏத்திச் சொன்னாங்க இல்ல? இவரு நல்ல தண்ணியக் குடிச்சுக்கிட்டே உப்புத் தண்ணிங்கறாரும்மா! எறக்கிச் சொல்ற மாப்பிள்ளைய இப்பதான் பாக்கறேன். ஞாயித்துக்கெழம வந்து பேசி முடிச்சிடுங்க."

அவனைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றானோ, போன் அடித்தது. அம்மா.

"எங்கடா போய்த் தொலஞ்ச? பொண்ணு வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு கிள்ளைத் தொறையிலேர்ந்து வேற படகு புடிச்சு வந்து இப்பத்தான் போறாங்க. பலே கெட்டிக்காரங்கடா, டேப்பு வச்சுக் கரையெல்லாம் அளந்து பாத்தாங்க! நான் விடுவனா? எங்களுக்கு ஒரு கொறயும் இல்ல, பாலமே வேணாம்னு சிரிச்ச மொகமா சொல்லி அனுப்பிட்டேன்!"